மியாபேயை அனுப்பியது யார்?

‘தி எடர்னல் ஜீரோ’ என்ற ஜப்பானியப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். 2013 டிசம்பர் 21-ஆம் தேதி வெளியாகி, எட்டு வாரம் வசூலில் முதலிடத்தில் நின்று, சுமார் 870 கோடி யென் ஈட்டிய படம் அது. இரண்டாம் உலகப்போரில் ஜீரோ ரகப் போர்விமானம் ஓட்டிய ஒரு கடற்படை விமானியின் கதை. இயக்கியவர் தகாஷி யமசாகி. ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ எடுத்து ஆஸ்கர் வாங்கினாரே, அவரேதான். நவோகி ஹியாகுதா 2006-இல் எழுதி லட்சக்கணக்கில் விற்ற நாவலைத் தழுவிய படம். இதைப் பார்த்துக் கண் கலங்காமல் எழுந்து வருவது கஷ்டம். அந்த நெகிழ்ச்சியைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் படம் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை அந்த நெகிழ்ச்சிதான் மூடி மறைக்கிறது என்பது என் கட்சி. முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. படத்தைப் பார்க்க நினைப்பவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

கதை 2004-இல் தொடங்குகிறது. பாட்டி மட்சுனோ இறந்த பிறகுதான், இத்தனை நாள் தாத்தா என்று அழைத்துவந்தவர் பாட்டியின் இரண்டாவது கணவர் என்பது பேரன் கெந்தாரோவுக்கும் அவன் அக்காவுக்கும் தெரியவருகிறது. சொந்தத் தாத்தா மியாபே கியூசோ. போரின் கடைசி மாதங்களில், 26 வயதில், விமானத்தோடு எதிரிக் கப்பல் மீது மோதிச் சாகும் காமிகாசே தாக்குதலில் இறந்தவர். வழக்கறிஞர் தேர்வில் தோற்றுத் தோற்று வாழ்க்கையில் பிடிப்பில்லாமல் திரியும் கெந்தாரோ, தாத்தாவுடன் பறந்தவர்களில் இன்னும் உயிரோடிருக்கும் கிழவர்களைத் தேடிப்போகிறான். முதலில் பார்க்கிறவர்கள் மியாபேயின் பெயரைக் கேட்டதுமே முகம் சுளிக்கிறார்கள். கடற்படையிலேயே பெரிய கோழை அவன், வானத்தில் சண்டை மூண்டால் நைசாக ஒதுங்கிவிடுவான் என்கிறார்கள். பிறகு, ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்கும் இசாகி என்ற முதியவர் வேறொரு மனிதனைக் காட்டுகிறார். மியாபே அபாரமான விமானி. மனைவியிடமும் கைக்குழந்தையிடமும் எப்படியாவது திரும்பிப் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தவன். அதைத் துணிந்து வெளியில் சொன்னவன். அப்படிப்பட்டவன் ஏன் தானே முன்வந்து காமிகாசேக்குப் போனான்? இந்த ஒரு முடிச்சைச் சுற்றித்தான் படம் முழுக்க ஓடுகிறது.

படத்தின் பலமும் இங்கேதான் இருக்கிறது. சாவைக் கொண்டாடும் ஒரு ராணுவத்தில், வாழ ஆசைப்படுபவன் எவ்வளவு தனிமைப்பட்டுப் போவான் என்பதை மியாபேயாக வரும் ஜுனிச்சி ஒகாதா நடிப்பில் கொண்டுவந்துவிடுகிறார். குறிப்பாக ட்சுகுபா பயிற்சித் தளத்துக் காட்சிகள். 1943 அக்டோபரில், அதுவரை கல்லூரிப் படிப்பைக் காட்டிப் படைச் சேவையைத் தள்ளிப்போட்டுவந்த சட்டம், இலக்கியம் போன்ற துறை மாணவர்களுக்கு அந்தச் சலுகை நிறுத்தப்பட்டது. அப்படி வந்து சேர்ந்த பிள்ளைகளுக்கு மியாபே பயிற்சியாளன். யாரையும் தேர்ச்சி பெறவிடாமல் திரும்பத் திரும்ப மதிப்பெண்ணைக் குறைக்கிறான். தேர்ச்சி பெற்றால் எங்கே அனுப்புவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். ஒரு மாணவன் செங்குத்தாகப் பாய்ந்து இறங்கும் பயிற்சியில் விமானத்தோடு மோதி இறந்துபோகிறான். மற்ற மாணவர்களை வரிசையில் நிற்கவைத்து, செத்தவன் படைக்கே அவமானம், மாமன்னரின் விமானத்தை வீணடித்தவன் என்று மேலதிகாரி கத்துகிறார். மியாபே மட்டும் மறுத்துப் பேசுகிறான். முகம் வீங்குகிற அளவுக்கு அடி வாங்குகிறான். இரண்டரை மணி நேரப் படத்தில் மேலிடத்தின் குரூரம் நேருக்கு நேர் தெரிகிற இடம் அநேகமாக அது ஒன்றுதான். அந்த மேலிடமும் ஒரு பயிற்சித் தளத்து அதிகாரியோடு நின்றுவிடுகிறது.

பிறகு கதை 1945-இல் கானோயாவுக்கு நகர்கிறது. தான் பயிற்றுவித்த பிள்ளைகள் குண்டுகளைச் சுமந்துகொண்டு போய் மோதிச் சாவதையும், போகிற வழியிலேயே சுடப்பட்டுக் கடலில் விழுவதையும், துணை விமானம் ஓட்டிக்கொண்டு பார்த்தபடி இருக்கவேண்டியது மியாபேயின் வேலை. உருக்குலைந்து போகிறான். இவர்கள் சாவின் மீது நான் உயிர் வாழ்கிறேன் என்ற எண்ணம் அவனைத் தின்கிறது. ஒருநாள் தானும் போகிறேன் என்று பெயர் கொடுத்துவிடுகிறான். கிளம்பும் கணத்தில், தன் மாணவன் ஓயிஷியிடம் விமானத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறான். மியாபே கொடுத்த விமானத்தின் இன்ஜின் நடுவழியில் கெட்டுப்போகிறது. ஓயிஷி ஒரு தீவில் இறங்கி உயிர் பிழைக்கிறான். விமானி அறையில் மியாபே வைத்துவிட்டுப் போன வேண்டுகோள் கிடைக்கிறது: என் குடும்பம் கஷ்டப்பட்டால் பார்த்துக்கொள். அந்த ஓயிஷிதான் கெந்தாரோ இத்தனை நாள் தாத்தா என்று அழைத்தவர். திரைக்கதையாகப் பார்த்தால் கச்சிதமான முடிச்சவிழ்ப்பு. கடைசிக் காட்சியில் மியாபேயின் ஜீரோ கடல் மட்டத்தை ஒட்டிப் பறந்து, அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலின் குண்டுமழைக்குள் புகுந்து, மேலே எழும்பி, தலைகீழாகப் பாய்கிறது. ஒகாதாவின் முகம் திரையை நிறைக்கிறது. உதட்டோரம் லேசான ஒரு புன்னகை. மோதலுக்கு முன்பே படம் முடிந்துவிடுகிறது.

அந்த வெட்டு என்ன செய்கிறது என்று பாருங்கள். மோதலைக் காட்டியிருந்தால் தீயும் இரும்பும் சிதைந்த உடல்களும் வந்திருக்கும். கப்பல் தளத்தில் நிற்கும் மாலுமிகளும் யாரோ ஒருத்தியின் கணவன்மார்தான் என்பது நினைவுக்கு வந்திருக்கும். அதைத் தவிர்த்ததால் ஒரு முகம் மட்டும் மிஞ்சுகிறது. அந்தச் சாவு ஒரு தனிமனிதனின் உள்மனத் தீர்மானமாகவே நம் மனதில் தங்குகிறது. படம் ஆரம்பத்திலிருந்து கேட்டுவந்ததும் இதே ரகக் கேள்விதான்: அவன் ஏன் போனான்? இப்படிக் கேட்டால் பதிலை அவன் மனசுக்குள்ளேதான் தேட வேண்டியிருக்கும். குற்ற உணர்வு, அன்பு, தியாகம், அடுத்த தலைமுறை என்று அழகழகான பதில்கள் அங்கே கிடைக்கும். அவனை அனுப்பியது யார் என்று கேட்டிருந்தால், கெந்தாரோ கிழவர்களின் வீடுகளோடு நிற்காமல் ஆவணக் காப்பகங்களுக்கும் போயிருப்பான், பெயர்கள் கிடைத்திருக்கும். இதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. மியாபேயின் உயிராசை படத்தின் முதல் பாதியில் ஓர் எதிர்ப்பாக இருக்கிறது. கடைசியில் அதே உயிராசை அவன் சாவின் மதிப்பைக் கூட்டும் பொருளாகிவிடுகிறது. வாழ எவ்வளவு ஆசைப்பட்டானோ அவ்வளவு பெரிய தியாகம் என்று கணக்கு திரும்பிவிடுகிறது. சாவை விரும்பாதவனைக் கதாநாயகனாக வைத்தே சாவைப் புனிதமாக்கிவிட முடிகிறது.

அந்தப் பெயர்கள் மர்மமானவை அல்ல. 1944 அக்டோபரில் பிலிப்பைன்ஸின் மபலகாட் தளத்துக்கு வந்து, ஜீரோ விமானத்தில் 250 கிலோ குண்டைக் கட்டிக் கப்பல் மீது மோதவைக்கலாம் என்ற திட்டத்தை வைத்தவர் வைஸ் அட்மிரல் ஓனிஷி தகிஜிரோ. முதல் அணிக்குத் தலைமை தாங்க செகி யுகியோ என்ற 23 வயது அதிகாரியை இரவில் கூப்பிட்டுக் கேட்டார்கள். புதிதாகக் கல்யாணம் ஆனவர். மேலதிகாரிகள் சுற்றி நின்று ‘போகிறாயா?’ என்று கேட்கும்போது, முடியாது என்று சொல்ல ஒரு ராணுவத்தில் எவ்வளவு இடம் இருக்கும்? அக்டோபர் 25 அன்று அவர் புறப்பட்டுப் போனார். அதற்குப் பின் பத்து மாதத்துக்குள் சுமார் 4,000 ஜப்பானிய விமானிகள் இப்படி இறந்தார்கள். கடற்படைப் பக்கம் இறந்த அதிகாரிகளில் பெரும்பாலோர் கல்லூரியிலிருந்து இழுத்துவரப்பட்ட மாணவர்கள். கடற்படைக் கல்லூரியில் முறையாகப் படித்து வந்தவர்கள் சிறுபான்மை. படம் காட்டும் அதே கானோயாவில் ஒகினாவா தாக்குதல்களை நடத்தியவர் வைஸ் அட்மிரல் உகாகி மட்டோமே. 1945 ஆகஸ்ட் 15 நண்பகலில் சரணடைவதாக மாமன்னர் வானொலியில் அறிவித்துவிட்டார். அதற்குப் பிறகும் உகாகி தன்னோடு 11 விமானங்களைக் கிளப்பிக்கொண்டு ஓயிட்டாவிலிருந்து கடைசித் தாக்குதலுக்குப் போனார். தான் சாக விரும்பியது அவர் சொந்த விஷயம். முடிந்துபோன போருக்கு அந்த இளைஞர்களை எதற்காகக் கூட்டிப்போனார்? ஓனிஷி மறுநாள் வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்தார். தரைப்படை விமானிகளை அனுப்பிய ஜெனரல் சுகவாரா மிச்சியோ போருக்குப் பின் 38 ஆண்டு வாழ்ந்து 1983-இல் இறந்தார். ஹியாகுதாவின் கதையைத் தொடாமலேயே இவர்களில் ஒருவரைப் படத்துக்குள் கொண்டுவந்திருக்கலாம். கானோயாவில் கதை நடக்கிறது, கானோயாவின் தளபதி கதையில் இல்லை.

விமானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜீரோவைப் படம் மிகுந்த காதலோடு காட்டுகிறது. கணினி வரைகலையில் கைதேர்ந்தவர் யமசாகி, அந்தக் காட்சிகளின் நேர்த்தியில் குறை சொல்ல எதுவுமில்லை. மிட்சுபிஷியில் ஹொரிகோஷி ஜிரோ வடிவமைத்த இந்த விமானம், எடையைக் குறைப்பதற்காகவே விமானிக்குப் பின்னால் கவசத் தகடு இல்லாமல், குண்டு பட்டால் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டி இல்லாமல் வந்தது. அதனால்தான் அவ்வளவு லாகவமாகத் திரும்பியது, அவ்வளவு தூரம் பறந்தது. அதே காரணத்தால்தான் ஒரு குண்டு பட்டாலே தீப்பிடித்தது. ரபாவுலிலிருந்து குவாடல்கனாலுக்கு ஒரு வழி மட்டும் 1,000 கிலோமீட்டர். போய்ச் சண்டை போட்டுத் திரும்பினால் ஏழெட்டு மணி நேரம் குறுகலான இருக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டும். தூங்கிப்போய்க் கடலில் விழுந்தவர்கள் உண்டு. எட்டு மணி நேரம் பறக்கும் விமானத்தைச் செய்தவர்கள் அதை ஓட்டுகிறவனை நினைக்கவில்லை என்று மியாபே குறைப்படும் இடம் நாவலில் வருகிறது. எனக்கு அந்த நாவலில் பிடித்த இடமே அதுதான். மனித உயிரை மலிவாக எடுத்துக்கொள்வது 1944-இல் ஓனிஷியோடு ஆரம்பித்த பழக்கம் இல்லை, அது வரைபட மேசையிலேயே இருந்தது என்பதற்கான தடயம் அது. காமிகாசே ஒரு திடீர்ப் பைத்தியக்காரத்தனம் என்று நினைப்பவர்களுக்கு இந்த விமானமே பதில். படம் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு மேலே போயிருந்தால் வேறு உயரத்துக்குப் போயிருக்கும்.

இதற்கு வருகிற முதல் மறுப்பு: ஐயா, இது ஒரு குடும்பக் கதை, தளபதிகளின் பொறுப்பை அலச வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? படம் வெறும் காதல் கதையாக இருந்திருந்தால் இதை ஒத்துக்கொள்வேன். ஆனால் இந்தப் படம் தன்னை ஒரு விசாரணையாக அமைத்துக்கொண்டிருக்கிறது. அக்கா எழுத்துத் தொழிலில் இருப்பவள், தம்பி சட்டம் படித்தவன், சாட்சிகள் ஒவ்வொருவராக வந்து வாக்குமூலம் தருகிறார்கள். விசாரணை என்று உட்கார்ந்துவிட்டால், யாரை விசாரிக்காமல் விட்டீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. நண்பர்களோடு கெந்தாரோ சாப்பிடப் போகிற இடத்தில், காமிகாசேயும் இன்றைய தற்கொலைத் தாக்குதலும் ஒன்றுதானே என்று ஒருவன் சொல்ல, கெந்தாரோ கோபப்பட்டு எழுந்துவிடுகிறான். நல்ல விவாதம் தொடங்கக்கூடிய இடம் அது. படம் அந்தக் கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டு விவாதத்தை அங்கேயே விட்டுவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. அந்தக் காலத்தில் வேறு வழியே இல்லை, மறுக்க யாராலும் முடியாது. எனவே தனிமனிதன் அந்தச் சாவுக்கு என்ன அர்த்தம் கொடுத்துக்கொண்டான் என்பதுதான் சொல்லத் தகுந்த கதை என்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் யாராலும் முடியவில்லை என்பது உண்மையில்லை. 1945 பிப்ரவரியில் கடற்படைத் தளபதிகள் கூடிய கூட்டத்தில், பயிற்சி விமானங்களைக்கூட மோதவிடும் திட்டத்தை விளக்கியபோது, மினோபே தாதாஷி என்ற 29 வயது அதிகாரி எழுந்து எதிர்த்தார். அந்த மெதுவான விமானங்களில் நீங்களே கிளம்பி வாருங்கள், நான் ஒரே ஒரு ஜீரோவில் வந்து எல்லாரையும் சுட்டு வீழ்த்திக் காட்டுகிறேன் என்கிற தோரணையில் பேசினார். அவரை யாரும் சுட்டுவிடவில்லை. அவருடைய ஃபூயோ படையணி மோதல் அணிகளிலிருந்து விலக்கிவைக்கப்பட்டு, கடைசிவரை இரவுநேரக் குண்டுவீச்சையே நடத்தியது. அதிலும் நிறையப் பேர் இறந்தார்கள், ஆனால் திரும்பி வரலாம் என்ற வாய்ப்போடு கிளம்பினார்கள். தரைப்படையின் முதல் மோதல் அணியில் இருந்த சசாகி தோமோஜி 21 வயது கார்ப்பொரல். குண்டைக் கழற்றிவிட முடியாதபடி விமானத்தோடு பொருத்தியிருந்தார்கள். அணித் தலைவர் இவாமோட்டோ, குண்டைப் போட்டுவிட்டுத் திரும்பும்படி அதை மாற்றியமைக்க வைத்தார். சசாகி குண்டைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அதற்குள் அவர் ஒரு போர்க்கப்பலை மூழ்கடித்து வீரமரணம் அடைந்ததாக டோக்கியோவில் அறிவித்தாகிவிட்டது. செத்தவனாக அறிவித்த பிறகு உயிரோடிருக்கலாமா என்று மறுபடி மறுபடி அனுப்பினார்கள். 9 முறை போனார், 9 முறையும் பிழைத்தார், 2016-இல் 92 வயதில் இறந்தார். அவரை அனுப்பிய படையின் தளபதி தொமினாகா கியோஜி, நானும் கடைசி விமானத்தில் உங்கள் பின்னால் வருவேன் என்று விமானிகளிடம் சொல்லிவந்தவர். 1945 ஜனவரியில் தன் படையைப் பிலிப்பைன்ஸிலேயே விட்டுவிட்டுத் தைவானுக்குப் போய்ச் சேர்ந்தார். இப்படித் திரும்பி வந்தவர்கள் தரைப்படைக்குப் பெரிய தலைவலியாகி, ஃபுகுவோகாவில் ஷின்பு விடுதி என்ற இடத்தில் அவர்களை வெளியே தெரியாமல் அடைத்துவைத்துக் கோழைகள் என்று வதைத்தார்கள். மியாபேக்கு இந்த உண்மை மனிதர்களின் சாயல் இருக்கிறது. ஆனால் உண்மையில் ‘திரும்பி வருவேன்’ என்றவர்களில் சிலராவது திரும்பி வந்தார்கள். கற்பனையில் பிறந்தவனைத்தான் கதை சாகவைத்திருக்கிறது.

இன்னொரு விடுபடலையும் சொல்லிவிடுகிறேன். படம் காட்டும் போர் முத்துத் துறைமுகத்தில் தொடங்கி, நேராக மிட்வே தோல்விக்குப் போய்விடுகிறது. மியாபே இருந்த கப்பல் அகாகி. அந்த இரண்டுக்கும் நடுவில், 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பையும், 9-ஆம் தேதி திருகோணமலையையும் தாக்கிய படையின் தலைமைக் கப்பல் அதே அகாகிதான். பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் மூழ்கியது அன்றுதான். மதராஸ் நகரத்து ஜனங்கள் மூட்டைமுடிச்சோடு ஊரைக் காலி செய்ததும் அந்த வாரங்களில்தான். ஜீரோ முதன்முதலில் வானத்தில் சண்டையிட்டது 1940 செப்டம்பரில், சீனாவின் சோங்கிங் நகருக்கு மேலே. வென்ற நாட்கள், குண்டு போட்ட நாட்கள் இவை. படத்தில் ஜீரோ பெரும்பாலும் தோற்றுக்கொண்டிருக்கும் விமானமாகவே வருகிறது. தோற்பவன் மீது இரக்கம் வருவது சுலபம். ஹாலிவுட் போர்ப்படங்களிலும் எதிரிக்கு முகம் இருப்பதில்லையே என்றால், ஆமாம், அதுவும் குறைதான். ஒரு குறை இன்னொன்றை ஈடுகட்டாது.

ஹியாகுதாவின் அரசியலை வைத்தே படத்தை ஒதுக்கிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நான்ஜிங் படுகொலை நடக்கவே இல்லை என்று 2014-இல் மேடையில் பேசியவர் அவர். படம் வெளியான ஐந்தாம் நாள் போரில் இறந்தவர்களைப் போற்றும் யாசுகுனி ஆலயத்துக்குப் போன அன்றைய பிரதமர் ஷின்சோ அபே, ஆண்டின் கடைசி நாளில் இந்தப் படத்தைப் பார்த்து நெகிழ்ந்ததாகச் சொன்னார். இதெல்லாம் படம் விழுந்த நிலத்தைக் காட்டுகிறது. படத்தைத் தீர்ப்பிடப் போதாது. யமசாகி ஹியாகுதா அல்ல என்பதற்கு வலுவான சாட்சி யமசாகியே பின்னால் எடுத்த படம்.

‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’னின் கதாநாயகன் ஷிகிஷிமாவும் ஜீரோ ஓட்டும் காமிகாசே விமானிதான். செகி தலைமையேற்ற முதல் அணியின் பெயரும் ஷிகிஷிமாதான். இது தற்செயல் என்று நான் நம்பவில்லை. இவன் விமானம் பழுது என்று பொய் சொல்லி ஒரு தீவில் இறங்கிவிடுகிறான். ஊர் திரும்பியதும், நீயெல்லாம் உயிரோடு வந்தாயா என்று பக்கத்து வீட்டுக்காரி சீறுகிறாள். காட்ஸில்லாவை எதிர்க்கப் புறப்படும் முன்னாள் படைவீரர்கள் நடுவே நோதா என்ற பொறியாளர் பேசும் இடம் வருகிறது. இந்த நாடு உயிரை மிக மலிவாக நடத்தியது என்கிறார்: மெல்லிய தகட்டில் டாங்கிகள், உணவு வழங்கல் இல்லாமல் பட்டினியிலும் நோயிலும் செத்த படைகள், தப்பிக்கும் இருக்கை இல்லாத போர்விமானங்கள், கடைசியில் காமிகாசே. பத்து வருடம் முன்பு ஜீரோவின் அழகை அவ்வளவு காதலோடு காட்டிய அதே இயக்குநர் அந்த விமானத்தின் உள்ளே இருந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டுகிறார். முடிவும் அதே சட்டகம்தான்: தன்னந்தனி விமானி, விமானம் நிறையக் குண்டு, எதிரே பிரம்மாண்டமான இலக்கு. ஆனால் இந்த முறை விமானத்தைப் பழுது பார்த்துக் கொடுக்கும் தச்சிபானா அதில் தப்பிக்கும் இருக்கையைப் பொருத்தி, வாழ்ந்துவிடு என்று சொல்லி அனுப்புகிறான். ஷிகிஷிமா கடைசி நொடியில் வெளியே குதித்துவிடுகிறான். விமானம் மோதுவதை யமசாகி இந்தத் தடவை முழுசாகக் காட்டுகிறார்.

இதிலும் ஓனிஷியோ உகாகியோ வரவில்லை; பழி ‘இந்த நாடு’ என்ற பொதுப்பெயரின் மேல்தான் விழுகிறது. ஆனாலும் கேள்வி விமானியின் மனசைவிட்டு வெளியே வந்து, அவனுக்கு அந்த விமானத்தைக் கொடுத்தவர்கள் பக்கம் திரும்பிவிட்டது. மினோபே எழுந்து பேசிய அந்தக் கூட்டத்தையும், ஒவ்வொரு முறை சசாகி தரையிறங்கியபோதும் எதிரே நின்ற அதிகாரிகளின் முகங்களையும் இதே இயக்குநர், இதே செலவில் ஒருநாள் எடுக்க வேண்டும். திரையில் வானத்தைக் கட்டத் தெரிந்த அவருக்கு ஒரு கூட்ட அறையைக் கட்டுவது பெரிய காரியமில்லை.